செத்தது எங்கள் மாடு, கேட்பது காணி உறுதி!

தோழர்களே,

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் மலையகம் குலைந்து போனது. மண்சரிவில் உயிர்கள் போயின, லயங்கள் போயின. போன உயிருக்கு ஈடு கிடையாது. ஆனால் அதே மண்ணுக்குள் நமது கறவை மாடுகளும் கிடக்கின்றன. கால்நடை இழந்தவர்களுக்கு நட்டஈடு தருவோம் என்று அரசாங்கம் அறிவித்தது. நாம் வரவேற்கிறோம். அது லயத்து வாசலுக்கு வந்து சேருமா என்பதே நமது கேள்வி.

லயத்தில் மாடு என்பது பொழுதுபோக்கல்ல. விடியுமுன் பால் கறந்து கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறோம். கொழுந்து எடுத்துத் திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு. வேலை நாள் குறைந்த மாதத்தில் கடைக்கடனை அடைப்பதும் பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதும் பால் காசுதான்.

அந்த மாடு செத்தால் அலுவலகத்தில் என்ன கேட்கிறார்கள்? “காணி யார் பெயரில்? கொட்டகைக்கு அனுமதி உண்டா? தோட்டத்துக் கடிதம் எங்கே?” கடிதத்துக்குத் துரையிடம் போனால், கொட்டகை போட்டதே குற்றம் என்கிறார்கள்.

காணி நம் பெயரில் இல்லாதது யார் குற்றம்? 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிருவாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. இத்தனை கைமாறியும் லயத்தில் இருந்தவர் பெயருக்கு உறுதி எழுதப்படவில்லை. உறுதி தராதவர்களே இன்று உறுதி கேட்பது எந்த ஊர் நியாயம்?

அத்தாட்சி இல்லாவிட்டால் பொய்க் கணக்கு வரும் என்பார்கள். அத்தாட்சி நம்மிடம் இருக்கிறது. பால் சேகரிப்பு நிலையத்துப் புத்தகம் இருக்கிறது. மாட்டின் காதில் இலக்கம் இருக்கிறது. சினை ஊசி போட்ட துண்டு இருக்கிறது. அதுவும் மண்ணோடு போயிருந்தால் பக்கத்துக் காம்பராக்காரர் சாட்சி இருக்கிறார். மாடு யாருடையது என்று தோட்டமே அறியும்.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. காணி உறுதியையோ தோட்டத்துக் கடிதத்தையோ நிபந்தனையாக்காதே. மாட்டை வளர்த்தவருக்கே நட்டஈடு கொடு.
2. விண்ணப்பமும் விசாரணையும் தமிழில் இருக்க வேண்டும். தமிழ் அரசகரும மொழி; இது சலுகையல்ல, சட்டம்.
3. இழப்பைக் கணக்கெடுக்கும்போது மிருக வைத்தியர், கிராம சேவகருடன் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.
4. மாடு இழந்தவர் மீண்டும் கொட்டகை போட நிருவாகம் தடை செய்யக்கூடாது.

தோழர்களே, பால் புத்தகத்தையும் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். இழந்த மாடு, கன்று, ஆடு, கோழி எல்லாவற்றையும் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். விண்ணப்பம் கொடுத்தால் பிரதி ஒன்றில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். தனியாகப் போனால் “நாளைக்கு வா” என்பார்கள். சேர்ந்து போவோம். கேட்பது பிச்சையல்ல, நமது உழைப்பின் பெறுமதி!