விழக் கற்றுக் கொள்ளுங்கள்!

காலை வேளையில் தாம்பரம் ரெயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கல்லூரிக்கும் வேலைக்கும் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அவர்கள் இருட்டிய பிறகு வீடு திரும்பும் வரை, பெற்ற வயிற்றில் நெருப்பு!

இந்தப் பயத்துக்கு என்ன மருந்து? பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பதா? அல்ல. தைரியம்தான் மருந்து. அது பேச்சால் வராது; பயிற்சியால் வரும்.

ஜப்பானில் 'ஜூஜுட்சு' என்ற பழைய கலை உண்டு. எதிரியைத் தூக்கி எறிவது, கை மூட்டை மடக்கிப் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். அதில் இருந்து ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ம் ஆண்டில் 'ஜூடோ'வை உருவாக்கினார். 'மென்மையான வழி' என்பது அதன் பொருள். எதிரி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதே. விலகி, அவன் வேகத்தாலேயே அவனைக் கவிழ்த்து விடு என்கிறது இந்தக் கலை.

இது நம் நாட்டுப் பெண்களுக்குப் புதிது அல்ல. மகாகவி தாகூர் 1929-ல் தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரைச் சாந்தி நிகேதனுக்கு வரவழைத்தார். பெண்களும் அவரிடம் ஜூடோ கற்றார்கள். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென்னும் அங்கே ஜூடோ பயின்றவர்தான்.

இதில் முதல் பாடம் என்ன தெரியுமா? எறிவது அல்ல, விழுவது! முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல், கையால் பாயை அறைந்து விழ வேண்டும். பிடி இறுகி வலித்தால், கையால் தட்ட வேண்டும். தட்டிய உடனே எதிராளி விட்டு விட வேண்டும். பலசாலிக்கு அடக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் கலை இது.

பெற்றோர்களே! பயிற்சிக் கூடத்தில் கனமான பாய் விரித்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விழக் கற்றுத் தராமல் எறியக் கற்றுத் தருபவரிடம் பிள்ளையை விடாதீர்கள். "பத்தே நாளில் வீராங்கனை ஆக்குகிறேன்" என்பவரை நம்பாதீர்கள்.

தற்காத்துக் கொள்ளச் சட்டம் உரிமை தந்து இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்க இடம் தரவில்லை. எனவே, பிடி தளர்ந்ததும் கூச்சல் போட்டு ஓடுவதே புத்திசாலித்தனம். அது கோழைத்தனம் அல்ல. பெண்களின் உதவிக்கு 181 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

பெண் தற்காப்பு கற்றுக் கொண்டாள் என்பதற்காக மற்றவர்கள் கடமை தீர்ந்து விடாது. தெருவில் விளக்கு எரிய வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒழுக்கம் கற்றுத் தர வேண்டும்.

மகள் கேட்டால் மறுக்காதீர்கள். விழப் பழகியவள் எழவும் பழகுவாள்.