செவலையின் பத்து இறகுகள்

ஆவணி பிறந்த வாரம் ஒரு காலையில் கூண்டைத் திறந்தால், தலையணை கிழிந்ததுபோல் உள்ளே எங்கும் இறகு. மரநாய் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் ஐந்து கோழியும் இருந்தன. செவலை மட்டும் கழுத்தில் ஒன்றுமில்லாமல், கிராப்புக்கழுத்துக் கோழிக்கு ஒன்றுவிட்ட தங்கைபோல் நின்றிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஆத்தா எட்டிப் பார்த்தார். "றெக்கை கொட்டுது கண்ணு. அதும்பாட்டுக்கு உடு."

விட எனக்கு வராது. தூக்கி மடியில் வைத்துத் தடவினேன். மூன்று வருடமாக மடியில் ஏறித் தூங்கும் கோழி, அன்று போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்துவிட்டது. புது இறகு முள் முள்ளாக, ஓர் உறைக்குள் சுருண்டபடி முளைக்கும். வளரும்வரை அதில் ரத்தம் ஓடும். அழுத்தினால் வலி, ஒடிந்தால் ரத்தம். நான் அன்பு என்று நினைத்துத் தடவியது அத்தனை முள்ளையும் ஒருசேர அமுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து அதைத் தூக்குவதில்லை.

கோழிக்கு இது நோயல்ல. பகல் சுருங்கத் தொடங்கினால் முட்டையை நிறுத்திவிட்டுப் பழைய இறகை உதிர்க்கும். தலை, கழுத்து, மார்பு என்று இறங்கி, கடைசியில் வால். சில கோழிகள் ஒரே மூச்சில் கொட்டி, இரண்டு மூன்று மாதத்தில் பளபளவென்று நிற்கும். செவலை அந்த ஜாதி இல்லை. சிறகின் நுனிப்பக்கம் பத்துப் பெரிய இறகுகள் உண்டு. வேகமான கோழி அவற்றில் மூன்று நான்கை ஒன்றாகவே உதிர்த்துவிடும். மெதுவான கோழி ஒவ்வொன்றாக, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஓர் இறகு முழுதாய் வளர 6 வாரம். ஆக முதல் இறகுக்கு 6, மீதி ஒன்பதுக்கு இரண்டிரண்டாக 18. மொத்தம் 24 வாரம். பண்ணைக்காரர் கண்ணில் இது சோம்பேறிக் கோழி. சீக்கிரம் தொடங்கி மெதுவாய் முடிப்பது குறைவாக முட்டையிடும் கோழியின் அடையாளம் என்பார்கள். எனக்கென்ன, நான் முட்டைக் கணக்கு எழுதுகிறவனா?

எழுதுகிறவர்கள் காத்திருப்பதில்லை. முட்டைத் தொழிலில் கோழிகளை நாள்கணக்கில் பட்டினி போட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உதிர்க்கவைத்து, மறுபடி முட்டைக்குத் திருப்பும் வழக்கம் இருந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இல் அதை நிறுத்தச் சொன்னது.

பட்டினிக்கு நேர்மாறாகத்தான் செவலைக்கு வேண்டியிருந்தது. இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், 85 சதவீதத்துக்கும் மேல். போன வருடம் இது புரியாமல், பாவம் இளைத்துவிட்டதே என்று கம்பையும் சோளத்தையும் அள்ளிப் போட்டேன். கொழுப்பு ஏறியது, இறகு ஏறவில்லை. இந்த முறை ஆத்தாவின் வழி. பழம்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, கொஞ்சம் ஓலை திணித்து, தண்ணீர் தெளித்துப் புற்றோரம் கவிழ்த்துவைத்தால் விடிவதற்குள் பானை நிறையக் கரையான். தட்டியதும் ஐந்து கோழிகளும் மானத்தை மறந்து ஓடிவரும். கரையான் கிடைக்காத நாளில் உப்பில்லாத கருவாட்டுத் தூள், அல்லது அவித்த முட்டை. முட்டை கடையில் வாங்கியது. முட்டையிடாத கோழிக்கு முட்டை வாங்கிக் கொடுக்கும் வீடு எங்கள் தெருவில் இது ஒன்றுதான்.

நடுவில் ஒரு சங்கடம். முதுகில் ஒரு முள் ஒடிந்து ரத்தம் வர, மற்ற நான்கும் அந்தச் சிவப்பையே குறிவைத்துக் கொத்தின. மஞ்சளைக் குழைத்து அப்பி, நான்கு நாள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வைத்தேன். ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. இரவில் டார்ச் அடித்துச் செள்ளுப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. கொண்டை வெளுத்திருந்தாலும் தீனி குறையவில்லை, எச்சத்திலும் மாற்றமில்லை. கூனிக் குறுகிக் கண்ணை மூடி நின்றிருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடியிருப்பேன்.

ஐப்பசி மழைக்குத்தான் பயந்தேன். குளிர் நாடுகளில் சிலர் இறகில்லாத கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடுகிறார்கள். முள்ளின்மேல் கம்பளி உரசினால் எப்படி இருக்கும் என்று செவலையைக் கேட்டால் சொல்லும். நான் செய்தது கூரை ஒழுகலை அடைத்து, தரையில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பியது மட்டும்.

இப்போது கார்த்திகை பாதி. வெயில் வந்தால் செவலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சிறகை விரித்துப் படுக்கும். தொடாமல் எண்ணிக்கொள்வேன். ஐந்து முழுசு. இரண்டு அரைகுறை. எட்டாவது உறைக்குள். கடைசி இரண்டும் இன்னும் பழசு, நுனி தேய்ந்து பழந்துடைப்பம்போல்.

"முட்டை வெக்கிதா?" என்றார் ஆத்தா நேற்று.

"தை நடுவுல ஆகும் போலிருக்குங்க ஆத்தா."

"நாந்தான் அப்பவே சொன்னனே, அதும்பாட்டுக்கு உடுன்னு" என்றவர், போகும்போது வேலிக்கு மேலாக ஒரு கொட்டாங்குச்சியை நீட்டினார். நிறையக் கரையான்.