அஞ்சு நிமிஷ அபிஷேகம்

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்த அருள்வாக்கு: "வண்டி சும்மாவே நிக்குதே சார்... வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க. பேட்டரி சாகவே சாகாது." சொன்னவர் மூன்றாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவரிடம் வண்டி கிடையாது.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கெட்டவன் நான். படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய என் பழைய டீசல் வேனை மூன்று மாதம், ஞாயிறு தவறாமல், ஐந்து நிமிடம் உறும விட்டேன். வால்பாறைக்குக் கிளம்பிய அன்று விடிகாலை நான்கு மணி. இட்லிப் பொட்டலம் மடியில். சாவியைத் திருப்பினால் 'டிக், டிக், டிக்'. 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய வண்டி அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் மீட்டர் வைத்து அளந்தேன். பூட்டி நிறுத்திய வண்டியிலும் அலாரமும் ஸ்டீரியோவும் 50 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கின்றன. வாரத்துக்கு எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தாராளமாக 20 ஆம்பியர் கொடுத்தாலும், ஐந்து நிமிடத்தில் உள்ளே போவது ஒன்றரைச் சொச்சம். அதிலும் ஹீட்டர் பிளக்கும் ஸ்டார்ட்டரும் தின்றதைக் கழிக்க வேண்டும். வாரம் எட்டு ரூபாய் எடுத்து ஒன்றரை ரூபாய் போடும் கணக்கு எத்தனை நாள் ஓடும்? வங்கியில் இருந்தவருக்கே இது தெரியாதா?

பாதி சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. சூடேறாத எஞ்சினோ ஆயிலுக்குள் ஈரத்தைச் சேர்க்கிறது. பேஸ்மென்ட் முழுக்கப் புகை வேறு.

இன்னொரு கூட்டம்: "வேன் கூரையிலதான் சோலார் இருக்கே!" அது பின்னால் விளக்கும் ஃபேனும் ஓட்டுகிற பேட்டரிக்கு, ஐயா! எஞ்சின் பேட்டரிக்கு அதில் ஒரு சொட்டு வராது. வேனைக் கட்டிக்கொடுத்தவரும் இதைச் சொல்லவில்லை. பணத்தை எண்ணுவதில் மும்முரமாக இருந்தார். வால்பாறைக்குக் கிளம்பிய அன்று உதவிக்கு வந்தவர் கொண்டுவந்த ஜம்பர் கேபிளோ கொடிக்கயிறு தடிமன். கடைசிக் கிளிப்பை, செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டப் போனார். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் இடம் அது. தீப்பொறி ஒன்று போதும். எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள் என்றால், "முப்பது வருஷ அனுபவம் சார்!"

வண்டி நெடுநாள் நிற்கப் போகிறதா? பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மைனஸைக் கழற்றுங்கள். ரேடியோ மணியை மறக்கும், மறக்கட்டும். மாதம் ஒரு முறை ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போடுங்கள். பயணத்துக்கு முந்தின இரவு 12.6 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாக ஒரு தடித்த கேபிள் வண்டியில் இருக்கட்டும்.

அன்று விடிகாலை வேனைத் தள்ள மூன்றாம் மாடிக்காரரைக் கூப்பிட்டேன். இடுப்பு வலியாம். பால்கனியில் நின்றபடியே திருத்தம் வெளியிட்டார்: "பத்து நிமிஷம் விட்டிருக்கணும் சார்!"