சிவலையின் குறி யாருடையது?

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம் ஒன்று, கையிற் சேரும் முதற் பணத்தில் ஒரு மாடு வாங்கவே விரும்புகின்றது. வேலியைப் பிறகு அடைக்கலாம், முற்றத்தில் பசு நின்றால்தான் வீடு வீடாகும் என்று எமது அம்மாமார் சொல்வது நியாயமே. ஆயினும் அந்தப் பசு எங்கிருந்து வருகின்றது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்தபோது, பட்டிகளைத் திறந்துவிட்டே போக வேண்டியிருந்தது. ஆட்கள் முகாம்களில் இருந்த காலத்தில் மாடுகள் காட்டிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் அலைந்தன. அங்கே பிறந்த கன்றுகளுக்குக் குறியும் இல்லை. திரும்பியவர்களிற் சிலர் தம் மாட்டைக் கண்டுபிடித்தனர். பலருக்கு அது கிடைக்கவில்லை. அலைந்த மாடுகள் லொறியேறிப் போனது எமது ஊர்களில் தெரியாத கதையல்ல.

ஆகவே, ஊர் விலையிற் பாதிக்கு ஒரு சிவலைப் பசு தருவதாக யாராவது வந்தால், முதலிற் பார்க்க வேண்டியது மடியை அல்ல, சூட்டுக் குறியையே. பழைய குறியின் மேல் புதுக் குறி ஏறியிருந்தால், அல்லது "துண்டைப் பிறகு தாறன்" என்று தரகர் இழுத்தால், அது இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் மாடாக இருக்கக்கூடும். இதை நாம் கடுமையாகவே சொல்கிறோம். வாங்குபவரும் மாட்டை இழந்தவரே. அவருடைய மாடும் இப்படித்தான் யாரோ ஒருவருடைய முற்றத்திற் கட்டப்பட்டிருக்கும்.

கடதாசிகள் எல்லாம் பங்கரோடு போய்விட்டன, எதைக் காட்டி விற்பது என்று கேட்போர் உண்டு. உண்மையான கேள்விதான். அதனாற்றான் ஊருக்குள் வாங்கி ஊருக்குள் விற்பதை நாம் வலியுறுத்துகின்றோம். தாய்ப் பசு எது, எத்தனையாம் ஈற்றுக் கன்று, உதைக்குமா, எவ்வளவு கறக்கும் என்பதெல்லாம் அயலுக்குத் தெரியும். அயலார் சாட்சி சொன்னால் கிராம அலுவலரிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் துண்டு பெறும் வழியைக் கேட்கலாம். குறி சுடுவதும், மாட்டை இடத்துக்கிடம் ஏற்றிச் செல்வதும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்துக்கு உட்பட்டவை. எழுத்தில்லாத மாட்டை வாங்கியவர் பின்னர் பொலிசில் நிற்க நேர்ந்தால், தரகர் அங்கே வரமாட்டார்.

வயதிலும் ஏமாற்று நடக்கின்றது. மாட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. கீழே எட்டுப் பல். ஏறக்குறைய இரண்டு வயதில் நடுப் பாற்பல் இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு சோடி சோடியாக மாறி, எட்டும் நிறையும்போது நாலரை, ஐந்து வயதாகும். பற்கள் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் அது கிழட்டு மாடு, தரகர் எத்தனையாம் கன்று என்று சொன்னாலும் சரி. சுழி பார்ப்பவர்களோடு நாம் வாதாட வரவில்லை. சுழிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது வாய்க்குள் பார்க்கச் செலவிடட்டும்.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு சொல். தூர இடத்து மாடுகளை லொறியில் இறக்கி, பெயர் வாசித்துப் பங்கிடுவதை விட, அப்பணத்தைக் குடும்பத்தின் கையிற் கொடுத்து அயலூரில் தெரிவு செய்ய விடலாம். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சினைப் பசுக்களை வாங்கி நட்டப்பட்ட பண்ணையாளரின் முறைப்பாடுகளை நாடே அறியும். ஊர் மாடு குறையக் கறக்கும், ஆனால் எமது வெயிலையும் வைக்கோலையும் அறிந்தது. அதற்காக அதை வெளியிலே விட்டுவிடலாம் என்றில்லை. 2022 டிசெம்பர் மாதக் குளிரிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஓரிரு நாட்களில் விறைத்துச் செத்தன. கிடுகுக் கொட்டிலாவது வேண்டும்.

விற்கும்போதும் அவசரம் எம்மைக் கெடுக்கின்றது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று, புல் கருகிய ஆவணியில், மெலிந்த நாகை வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறோம். மாரியில் அதே நாகு நல்ல விலைக்குப் போகும். முதலில் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பார்க்கலாம். பாதியை இப்போதும் மீதியை அறுவடையிலும் வாங்கலாம். துண்டு மாற்றும் நாளில் இருவரும் ஒன்றாகவே போகட்டும், கயிறு அதற்குப் பிறகு கைமாறட்டும்.