வைஃபைக்கும் வயர் வேண்டும்

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எண்ணூர் குப்பத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். வெளியூரில் பொறியியல் படிக்கிறாள், விடுதி வாசம்.

"ஹாஸ்டல் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"புது பில்டிங் டீச்சர். ஃபுல்லா வைஃபை. ஆனா ரூமுக்குள்ள வராது. மாடிப்படிகிட்ட உக்காந்தாதான் கிடைக்கும்."

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன்லைன் டெஸ்ட். பாதியில் இணைப்பு போய்விட்டது. போன் டேட்டாவைப் போட்டு முடிக்கப் பார்த்திருக்கிறாள், அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது. மதிப்பெண் போனதுதான் மிச்சம். அறையில் லேன் பாயின்ட் வைக்கக்கூடாதா என்று கேட்டதற்கு, "இந்தக் காலத்துல யாரும்மா லேன் யூஸ் பண்றா?" என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஐஐடி விடுதிகளில் இருபது வருடத்துக்கு முன்பே அறைக்கு அறை லேன் இருந்தது. அன்றைக்கு மேசைக் கணினி. 2011-ல் நம் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியிலும் லேன் வயர் செருகும் இடம் இருந்தது. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. போனில் எப்போதுமே கிடையாது. எனவே பிள்ளைகளுக்கு வைஃபை போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "வைஃபை மட்டும்" என்று முடிவெடுத்ததும் கட்டட வரைபடத்திலிருந்து வயரையே அடித்துவிடுகிறார்களே, தப்பு அங்கேதான் நடக்கிறது. வைஃபை என்பது கடைசிப் பத்தடிதான். அதுவரை வயர்தான் வந்தாக வேண்டும்.

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள், வகுப்பறையை வைத்தே சொல்கிறேன். ஒரு வகுப்பில் ஒரே நேரத்தில் ஒருவர் பேசினால்தான் காதில் விழும். வைஃபையும் அப்படித்தான். ஒரு பெட்டியில் நாற்பது பேர் இணைந்தால், நாற்பது பேரும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். வைஃபை 6 இதைக் கொஞ்சம் சமாளிக்கும், அவ்வளவுதான். லேனில் இந்தத் தொல்லை இல்லை, ஆளுக்கொரு தனிப்பாதை.

இன்னொன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. சிக்னல் வரவில்லையென்று ஆளாளுக்கு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால், அதே மூன்றில்தான் அதுவும் வந்து இடிக்கும். இரைச்சல் இன்னும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, இரும்பு அலமாரி எல்லாம் தாண்டி நடைபாதைப் பெட்டியின் சிக்னல் மூலைக் கட்டிலுக்கு எப்படி வரும்?

அதனால் பெட்டியை நடைபாதையில் மாட்டாமல் அறைக்குள்ளோ, இரண்டு மூன்று அறைக்கு ஒன்றாகவோ வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். அந்த ஒரே வயரில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். அந்த வயர் 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது, ஆகவே மாடிக்கு மாடி ஸ்விட்ச் வைக்க ஒரு சின்ன அறை வேண்டும். அங்கே ஒரு யுபிஎஸ் இருந்தால், கரண்ட் போனாலும் அந்த மாடி முழுக்க இணையம் நிற்காது.

இதெல்லாம் கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டால் பெரிய செலவில்லை. பூசி முடித்தபின் சுவரைக் கொத்தினால்தான் செலவு. கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்கள் பெட்டியைத் திறந்த வராந்தாவில் மாட்டவும் கூடாது. எங்கள் காத்திவாக்கத்து உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்துவிடுகிறது.

"இணையம் ஒரு வசதிதானே, இதற்கு இவ்வளவா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேரளாவில் விடுதியில் மாலை நேரத்தில் செல்போன் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த ஃபஹீமா ஷிரின் என்ற மாணவியை விடுதியை விட்டு அனுப்பினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தடை போட்டால் வழக்குப் போடலாம். சிக்னலே எட்டாத சுவரைக் கட்டிவைத்தால் யார் மேல் வழக்குப் போடுவது?

காசுள்ள வீட்டுப் பிள்ளை பெரிய டேட்டா பேக் போட்டுக்கொள்ளும். விடுதி இணையத்தையே நம்பி வருவது எங்கள் குப்பத்துப் பிள்ளைதான். திட்டத்தில் விட்ட ஓட்டை அதன் தலையில்தான் விடிகிறது.

என்னிடம் படித்தவர்களில் இன்று பொறியாளர்கள் பலர் இருக்கிறீர்கள். விடுதி வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால், அறைக்கு அறை பைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்தபின் காலிக் கட்டடத்தில் காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் எல்லாரும் வந்தபிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, மூலைக் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே கிடைத்தால் கையெழுத்துப் போடுங்கள்.