எண்ணெய் வெறும் வாணிகமா?



ஜி.எஸ்.டி. சாலை பெட்ரோல் பங்கில் விலை ஏறினால் முணுமுணுக்கிறோம். “எண்ணெய் வெறும் வாணிகம், அதில் அரசியல் எதற்கு?” என்று தாம்பரத்திலும் சில கனவான்கள் கேட்கின்றனர்.

கனவான்களே, ஏடு புரட்டுங்கள்! பத்திரிகையாளரும் வரலாற்றாசிரியருமான விஜய் பிரசாத், மூன்றாம் உலகின் வரலாற்றை 2007இல் நூலாக்கியபோது, எண்ணெய்க்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார். ஏன்? எண்ணெய் ஏழை நாட்டின் மண்ணில். இலாபமோ அந்நியனின் பெட்டியில்!

எண்ணெயைத் தேசவுடைமையாக்கிய ஈரானின் மொசாடெக் ஆட்சி 1953இல் கவிழ்க்கப்பட்டது. அதில் தன் கை இருந்ததைச் சி.ஐ.ஏ.வின் ஆவணமே 2013இல் ஒப்புக்கொண்டது.

ஈரான் தொலைவோ? இதோ, கடலுக்கு அப்பால் இலங்கை! அங்கே எண்ணெய்க் கிணறே இல்லை. தன் மக்களுக்குத் தானே எண்ணெய் விற்க விரும்பியது, அவ்வளவே! சிறிமாவோ அரசு 1961இல் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் கண்டது. 1962இல் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பெனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. வாஷிங்டன் பொறுத்ததா? நட்டஈடு எங்கே என்று உறுமி, 1963 பிப்ரவரியில் உதவியை நிறுத்தியது! 1965இல் ஆட்சி மாறியது. நட்டஈட்டுக்கு உடன்பாடும் கண்டது.

கேட்டபடி ஆடினால் கிடைப்பதும், எதிர்த்து நின்றால் நிற்பதும் உதவியா? அன்று! அது தூண்டில்.

வாணிகம் என்போரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தெருமுனைதோறும் சொல்லுங்கள்!