எச்.ஐ.வி.: சுமையைப் பங்கிட்டுக்கொள்வோம்

ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் 'லெனகாபவிர்' ஊசி எச்.ஐ.வி. தடுப்பில் பெரும் நம்பிக்கையைத் தந்திருக்கிறது. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், இதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. 2024-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது என்பதால், இந்த ஊசி தேவைப்படுவோரை விரைவில் சென்றடைவது அவசியம்.

முதல் தடை விலை. அமெரிக்காவில் இதற்கு ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் ஆகிறது. பல்லாண்டு ஆராய்ச்சிக்குச் செலவிட்ட நிறுவனம் அதை மீட்க நினைப்பதில் தவறில்லை. வருவாய்க்கு வழியில்லை என்றால் அடுத்த மருந்துக்கு முதலீடு வராது. அதேசமயம், மருந்துச் சோதனையில் தம் மக்கள் பங்கேற்ற பிரேசில் போன்ற நாடுகள், மலிவு விலையில் மருந்து பெறும் நாடுகளின் பட்டியலில் விடுபட்டதும் நியாயமான மனக்குறைதான். இம்மருந்தைக் கண்டுபிடித்த கிலியட் நிறுவனம் 120 நாடுகளுக்காக உற்பத்தி உரிமத்தைப் பகிர்ந்திருக்கிறது. 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலரில் இம்மருந்தைத் தர டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இந்திய நிறுவனங்கள் முன்வந்துள்ளன. இந்தப் பட்டியலை விரிவாக்குவதே இரு தரப்புக்கும் ஏற்ற வழி.

அடுத்தது நிதி. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் தடுமாறின. எத்தனை காலம் எங்கள் வரிப்பணத்தில் இது நடக்க வேண்டும் என்று கொடுக்கும் நாட்டு மக்கள் கேட்பதைக் குறைகூற முடியாது. பெறும் நாடுகளும் தம் பங்கை உயர்த்தத்தான் வேண்டும்; தென் ஆப்பிரிக்கா தன் எச்.ஐ.வி. செலவின் பெரும்பகுதியைத் தானே ஏற்கிறது. ஆனால், தொற்றுள்ளவருக்கான கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தடைபட்டால் உடலில் வைரஸ் மீண்டும் பெருகும், பிறருக்கும் பரவும். ஆகவே, பொறுப்பு படிப்படியாக, கால அட்டவணையோடு கைமாற வேண்டும்.

பணமும் மருந்தும் இருந்தாலும், அச்சம் இருந்தால் மக்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். துணைவருக்குத் தொற்று உண்டா என்று அறிய விரும்பும் குடும்பத்தின் கவலை இயல்பானது. வெளியே தெரிந்தால் வேலையும் வீடும் போய்விடுமோ என்ற பயமும் உண்மையானது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இரண்டையும் கருத்தில் கொள்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதையும் அது தடுக்கிறது. கூடவே, பிறருக்குத் தொற்று பரவாமல் காக்கும் கடமையைத் தொற்றுள்ளவருக்கு விதிக்கிறது. உரிய நிபந்தனைகளுடன் துணைவருக்குத் தெரிவிக்கவும் மருத்துவருக்கு இடமளிக்கிறது. தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பதும் இன்று உறுதியாகியிருக்கிறது.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. அன்று சிகிச்சை இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும், ஏ.ஆர்.டி. மையங்களில் சிகிச்சையும் இலவசம். அங்கே செல்பவரைக் கேள்விக்கண்ணோடு பார்க்காமலிருப்பதும், சக ஊழியராகவும் அண்டை வீட்டாராகவும் அவரோடு வழக்கம்போல் பழகுவதும் நம்மால் இயலும். அரசுகளும் நிறுவனங்களும் தம் பங்கைச் செய்யட்டும். இந்தப் பங்கை நாம் இன்றே தொடங்கலாம்.